கண்டல்திடலின் முதற்பிரதி

அவித்த மட்டியைத் தட்டில் கொட்டி, ஓட்டைப் பிளந்து சதையை வழித்தெடுத்துக்கொண்டே றுக்கியா ஏசிக்கொண்டிருந்தாள். கண் மட்டியில் இருந்தது. ஏச்சு முழுக்க வாசல் கதிரையில் இருந்த புருஷனுக்கு.

"இந்தக் கையாலதான் சோறு போட்டன் அந்த மனிசனுக்கு. மட்டிச் சுண்டலெண்டா உயிரெண்டார். ரெண்டாந்தரம் கேட்டுத் திண்டார். திண்டுபோட்டு, எங்களைத் திடலுக்குப் போகவேணாமெண்டு எழுதியும் போட்டாரே, உங்கட பேராசிரியர்!"

"அவர் அப்பிடி எழுதியிருக்கமாட்டார், புள்ள."

"வாசிச்சீங்களா?"

அபூதாஹிர் வாசிக்கவில்லை. அவர் மட்டுமல்ல, பேராசிரியரின் அந்த ஆய்வுக் கட்டுரையை வாசித்த ஒருவரைக்கூடக் கிண்ணியாவில் தேடிப் பிடித்திருக்க முடியாது. ஆனால் அன்று காலையில் துறையடி மின்கம்பத்தில் ஒட்டியிருந்த அறிவித்தல் அந்தக் கட்டுரையின் தலையில்தான் பழியைப் போட்டிருந்தது. 'ஆய்வொன்றின் முடிவுகளுக்கு அமைய, எதிர்வரும் மாதத்தின் முதல் திங்கட்கிழமையிலிருந்து கண்டல்திடலில் கையால் மட்டி சேகரிப்பது தடைசெய்யப்படுகிறது.' அதன் கீழே, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தால் மட்டுமே தெரிகிற எழுத்தில், உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு இது பொருந்தாது என்றும் இருந்தது. உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றே ஒன்றுதான். ஸெய்னுதீன் ஹாஜியாருடையது. சேற்றை ஓட்டோடு உறிஞ்சியெடுத்துச் சல்லடையில் அரிக்கிற இயந்திரம் அவரிடம் இருந்தது. ஓடெல்லாம் கோழித்தீன் ஆலைக்குப் போகும்.

கண்டல்திடல் தம்பலகாமக் குடாவின் கிண்ணியாப் பக்கத்துச் சேற்றுத் திட்டு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தண்ணி வற்றும். விடியும்போதே பெண்கள் இறங்குவார்கள். இடுப்பில் கயிறு, கயிற்றின் நுனியில் மிதக்கிற பேசன். நெஞ்சளவு தண்ணியில் குந்தியிருந்து, விரலைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவ வேண்டும். பேசன் நிறைந்து எழும்பும்போது முதுகு வெயிலில் தீய்ந்திருக்கும், விரல் நுனிகள் ஊறி வெளுத்திருக்கும். தோணி இழுக்கப்போய் அபூதாஹிரின் முள்ளந்தண்டு பிசகிய நாளிலிருந்து அந்த வீடு றுக்கியாவின் பேசனில்தான் மிதந்தது. அவருடைய மருந்து, மகள் அம்ராவின் கம்பஸ் படிப்பு, அடுப்பு, எல்லாமே.

முள்ளந்தண்டு பிசகுமுன் அபூதாஹிர் ஓட்டிய கடைசித் தோணிச் சவாரிகள் பேராசிரியர் ஆனந்தராசாவுக்கு. இரண்டு வருடம். பேராசிரியர் இரும்புச் சட்டமொன்றைச் சேற்றில் வைத்து அதற்குள் இருக்கிற மட்டியை எண்ணுவார். அபூதாஹிர் அவருக்குக் குடை பிடிப்பார். "நானா, உங்கட பெயர் உலகமெல்லாம் போகப்போகுது" என்று பேராசிரியர் ஒருநாள் குடைக்குக் கீழே நின்று சொன்னார். அதை அபூதாஹிர் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் சொன்னார். தேத்தண்ணிக் கடையில் சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார். கடைசியில் ஊரே அவரை 'ஆய்வாளர்' என்று கூப்பிடத் தொடங்கியது. அதில் கிண்டல் இருக்கிறதென்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் திரும்பிப் பார்ப்பார்.

பின்னேரம் அம்ரா கம்பஸிலிருந்து வந்தாள். முக்காட்டு ஊசியைக் கழற்றுமுன்னமே போனை வாப்பாவிடம் நீட்டினாள்.

"இந்தா வாப்பா, உங்கட கட்டுரை. ஆனந்தராசா சேர்ர பெயர் இருக்கு. வெள்ளைக்காரர் ரெண்டு பேர்ர பெயரும் இருக்கு."

"என்ர?"

"நன்றி சொல்ற இடத்தில இருக்கும். அது கடைசியில. கடைசிக்குப் போகேலாது."

"ஏன் போகேலாது? தள்ளு."

"தள்ளினாக் காசு கேக்குது. மேல உள்ள ஒரு பந்திதான் சும்மா."

"அந்தப் பந்தியை வாசி."

அம்ரா தமிழில் சொன்னாள். கண்டல்திடலில் மட்டி பாதியாகக் குறைந்திருக்கிறது. மட்டி எடுப்பதை ஒழுங்குபடுத்த வேண்டும். கையால் எடுப்பதையும் இயந்திரத்தால் எடுப்பதையும் ஒப்பிட்டு இந்தக் கட்டுரை ஆராய்கிறது.

"ஆராய்ஞ்சு?"

"அதோட பந்தி முடியுது, வாப்பா."

"உங்கட கம்பஸ் லைப்ரரியில?"

"கட்டுரையைப் போட்ட கொம்பனிக்குக் காசு கட்ட எங்கட லைப்ரரியால ஏலாதாம். சேர் படிப்பிக்கிற கம்பஸிலயே சேர்ர கட்டுரை இல்ல. பொடியன்மார் ஒரு களவுத் தளம் வச்சிருக்கானுகள், எல்லாம் கிடைக்கும். இது புதுசாம், அதிலயும் இல்ல. வெள்ளைக்காரர் ரெண்டு பேருக்கும் மெயில் போட்டன். ஒராள் லீவாம். மற்றவர் பென்சனாம்."

குசினிக்குள்ளிருந்து றுக்கியாவின் குரல் வந்தது. "களவெடுக்கவும் ஏலாத சாமானா அது?"

அபூதாஹிருக்கு முதன்முறையாகச் சூடு ஏறியது. கையெழுத்து வைத்துத் தடை போட்ட மீன்பிடிக் கந்தோர் உதவிப் பணிப்பாளர் முனீபும் இந்தச் சும்மா கிடைக்கிற பந்தியைத்தான் வாசித்திருப்பான். நாற்பது வீட்டு அடுப்பை அணைக்கிறதுக்கு ஒரு பந்தி போதும். அதுவும் இனாமாகக் கிடைத்த பந்தி.

அடுத்த நாள் அவர் இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாலம் கடந்து, பஸ் மாறி, உப்புவெளிக்குப் போனார்.

பேராசிரியரின் வீடு கடலைப் பார்த்த வீடு. "வாங்கோ நானா, வாங்கோ! முதல்ல இதைப் பாருங்கோ" என்று அவர் அபூதாஹிரைக் கையில் பிடித்துச் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் கட்டுரையின் முதற்பக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. மூலையில் ஒரு சின்ன விளக்கும் பூட்டியிருந்தது.

அபூதாஹிர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதின்ர மிச்சம் எங்க, சேர்?"

"மிச்சமோ? அது கொம்பனியிட்ட."

"நீங்க எழுதினதுதானே?"

"எழுதினது நான்தான். ஆனா உரிமையை மாத்திக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு."

"நல்ல விலை தந்திருப்பாங்க."

"சீச்சீ! அதுக்குக் காசு தாறேல்லை, நானா. அது மரியாதையில்லை. நாங்கள் சும்மா எழுதிக் குடுப்பம். வேற பேராசிரியர்மார் சும்மா வாசிச்சுப் பிழை திருத்திக் குடுப்பினம். கொம்பனி வெளியிடும். பிறகு பல்கலைக்கழகங்கள் காசு கட்டி வாங்கும்."

"எந்தப் பல்கலைக்கழகம்? நீங்க படிப்பிக்கிறதா?"

"எங்களிட்ட எங்க காசு? இது வெளிநாட்டுக்காரருக்கு."

அபூதாஹிர் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். முள்ளந்தண்டு ஒருபக்கம், கேட்ட கதை ஒருபக்கம்.

"சேர், நான் காலம் முழுக்க மீன் முதலாளிமாரோட மாரடிச்சவன். தராசில கல்லு வச்சவனைக் கண்டிருக்கன். ஐஸ்ஸை மீனெண்டு நிறுத்தவனையும் கண்டிருக்கன். ஆனா என்ர மீனைச் சும்மா வாங்கி, என்ர அயலானை வச்சுச் சும்மா துப்புரவாக்கி, பிறகு எனக்கே அதை விக்கிற முதலாளியை இந்தக் கரையில நான் காணல்ல. அல்லாஹ்வே, நீங்க எங்க போய்ப் பிடிச்சீங்க அவனை?"

பேராசிரியர் சிரித்தார். பாதிச் சிரிப்பில் அது தன்னைப் பற்றியது என்று தெரிந்து நிறுத்தினார். "இது தரமான சஞ்சிகை, நானா. இதில வந்தால்தான் பதவி உயர்வு. உங்களுக்கு விளங்காது."

"விளங்காதுதான். அப்ப வாயால சொல்லுங்க. எங்கட பொம்பிளைகள் கையால எடுக்கிறது கெடுதியெண்டா எழுதினீங்க?"

"அப்பிடி ஒரேயடியாச் சொல்லேலாது. அது ஒரு காரணி."

"மற்றக் காரணி?"

"அது உள்ளுக்கு இருக்கு."

"உள்ளுக்கெண்டா?"

"கட்டுரைக்கு உள்ளுக்கு."

"சேர், ஒரு பிரதி தந்தா அதைக் கொண்டுபோய் அந்தக் கந்தோரில காட்டுவன். திங்கட்கிழமை வருகுது. உங்கட கொம்பியூட்டரில இருக்குமே?"

"இருக்கு. ஆனா வெளியில விடேலாது, ஒப்பந்தம்." பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். "அதோட, நானா, அடுத்த ஆய்வுக்கு அனுமதி அந்தக் கந்தோர்தான் தரவேணும். எங்கட ஆய்வு மகாநாட்டுக்கு அனுசரணை ஹாஜியார். நான் இதில தலையிடுறது அழகில்லை. ஆய்வாளன் எண்டவன் நடுவில நிக்கவேணும்."

நடுவில் நிற்கிறதென்றால் நெஞ்சளவு தண்ணியில் நிற்கிறது என்றுதான் அபூதாஹிர் அதுவரை நினைத்திருந்தார். இவர் நின்றது விரிப்புக்கு நடுவில். எழும்பி வெளியே வந்தார். பஸ்ஸில் ஒருவரும் அவரை ஆய்வாளர் என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அடித்திருப்பார்.

இரண்டு நாள் வாசல் கதிரையைவிட்டு அசையவில்லை. மூன்றாம் நாள் பகற்சோற்றில், மட்டிக் கறியைப் பிசைந்துகொண்டிருந்தவர் திடீரென்று தலையை நிமிர்த்தினார்.

"எனக்கு இப்ப விளங்கிட்டு. அந்தக் கட்டுரைக்கு வெளியீடு வைக்கல்ல."

"என்ன வைக்கல்ல?" என்றாள் றுக்கியா.

"வெளியீட்டு விழா, புள்ள! கிண்ணியாவில எந்தப் புத்தகம் வெளியீடு வைக்க முன்னம் வெளியில வந்திருக்கு? அச்சடிச்சுக் கட்டுக் கட்டா கட்டிலுக்குக் கீழ வச்சிருப்பாங்க. விழா முடியுமட்டும் பெத்த உம்மாவுக்கும் ஒரு பிரதி குடுக்கமாட்டாங்க. கொம்பனியும் அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கு. வெளியீடு வச்சா விட்டிடும்."

விழாவைப் பற்றி அவர் சொன்னது என்னவோ உண்மைதான். அந்த ஊரில் பன்னிரண்டு பக்கக் கவிதைக் கொப்பிக்கும் மேடை உண்டு. கிறாஅத் ஓதல், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துப்பா, முதற்பிரதி, நயவுரை, ஏற்புரை, நன்றியுரை. புத்தகம் பன்னிரண்டு பக்கமென்றாலும் விழா ஐந்து மணித்தியாலம் போகும். முதற்பிரதியை வாங்குகிறவர் எப்போதும் ஸெய்னுதீன் ஹாஜியார். அவர் வாங்காமல் கிண்ணியாவில் ஒரு இலக்கியமும் பிறந்ததில்லை.

அம்ரா சிரித்தாள். சோறு புரைக்கேறும்வரை சிரித்தாள். "வாப்பா, லண்டன் கொம்பனிக்கு அன்ஸார் சேரை வச்சு வாழ்த்துப்பா படிப்பிக்கப்போறீங்களா?" என்று கேட்டாள். கேட்டவள் பாதியில் நின்றாள். உம்மாவைப் பார்த்தாள்.

றுக்கியா சிரிக்கவில்லை. "கொம்பனி வராது. ஆனா அந்த மனிசன் வரும். பொன்னாடை போடுறமெண்டு கூப்பிட்டு வராத பேராசிரியர் எங்கயாவது இருக்காரா? வெறுங்கையோடயும் வரேலாது. வெளியிட என்னத்தையாவது கொண்டு வரத்தானே வேணும்?"

அபூதாஹிர் போன் எடுத்தார். சத்தத்தைக் கூட்டி நடுவில் வைத்தார்கள். பேராசிரியர் முதலில் ஒப்பந்தம் என்றார். பிறகு, இது மரபில்லை என்றார். பிறகு, "முதற்பிரதி ஆர் வாங்குறது?" என்று கேட்டார்.

றுக்கியா எழும்பிப்போய்க் கை கழுவினாள்.

விழா சனிக்கிழமை. தடை தொடங்கத் திங்கள். ஊரின் விழாக்களையெல்லாம் நடத்துகிற ஆசிரியர் கவிமணி அன்ஸார் ஒரே வாரத்தில் மண்டபமும் பதாகையும் அழைப்பிதழும் ஒழுங்கு செய்துவிட்டார். பதாகையில் பேராசிரியர் பெரிதாக, ஹாஜியார் அதைவிடப் பெரிதாக. பிரதம அதிதி உதவிப் பணிப்பாளர் முனீப். கீழே ஓரத்தில் ஒரு மட்டி. அதுவும் வேறெங்கோ நாட்டு மட்டி. நயவுரை அம்ரா.

"எனக்கு வாசிக்க ஒரு பிரதி முன்னமே வேணும், சேர்" என்றாள் அம்ரா.

அன்ஸார் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "நயவுரைக்கு வாசிக்கத் தேவையில்ல, மகள். நான் நூற்றுக்கு மேல செய்திருக்கன். தலைப்பை விரிச்சுப் பேசு."

பேராசிரியர் கோட்டுப் போட்டு வந்திறங்கினார். கையில் ஒரே ஒரு பொதி. பச்சைக் கடதாசி சுற்றி, தங்க நாடா கட்டி. "ஒண்டுதான் கொண்டந்தனான். ஒண்டெண்டாப் பிரச்சினை வராது" என்று அபூதாஹிரின் காதில் சொன்னார், ஏதோ கஞ்சா கொண்டுவந்தவர் மாதிரி.

மட்டி எடுக்கிற பெண்கள் நாற்பது பேரும் பின்வரிசையில் இருந்தார்கள். முன்வரிசையில் குஷன் கதிரைகள். உதவிப் பணிப்பாளர் எழும்பி, ஆய்வின் வழியில்தான் தன்னுடைய கந்தோர் நடக்கிறதென்றும், இந்த ஆய்வைத் தான் வரிக்கு வரி படித்து வியந்ததாகவும் பேசினார். கைதட்டினார்கள். பொன்னாடை போட்டார்கள். அவருக்கு வேறொரு நிகழ்வு இருந்தது, பொன்னாடையோடேயே போனார். பிறகு ஹாஜியாரை அழைத்தார்கள். பேராசிரியர் பச்சைப் பொதியை நீட்ட, ஹாஜியார் பிடிக்க, இருவரும் பொதியைப் பார்க்காமல் கமராவைப் பார்க்க, படம் எடுத்தார்கள். ஒரு தரம் கண் மூடிவிட்டதால் திரும்பவும் எடுத்தார்கள். ஹாஜியார் பொதியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் ஸலாம் சொல்லி, படியிறங்கிக் காரில் ஏறினார்.

அபூதாஹிர் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். கார் போனபிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அடேய் அன்ஸார்! ஒண்டுதானேடா இருந்தது!"

"முதற்பிரதி அவருக்குத்தானே, காக்கா? வழமை."

மேடையில் அம்ரா வெறுங்கையோடு ஒலிவாங்கிக்கு முன் நின்றாள். அபூதாஹிர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "சேர்! அது போயிட்டு. நீங்க இருக்கீங்க. அதில என்ன எழுதினீங்களெண்டு இந்தப் பொம்பிளைகளுக்குச் சொல்லிட்டுப் போங்க!"

பேராசிரியர் தனக்குப் போட்ட பொன்னாடையைச் சரிசெய்தார். "அது சில புள்ளிவிபர மாதிரிகளின்ர அடிப்படையில… சாதாரண மொழிக்குக் கொண்டு வந்தால் அதின்ர ஆழம் கெட்டுப்போகும்."

"ஆழம் எங்களுக்குத் தெரியும், சேர். நாங்க அதில குந்தியிருக்கிற ஆக்கள்" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாள். மண்டபம் கொல்லென்று சிரித்தது. பேராசிரியருக்கும் அப்போது வேறொரு நிகழ்வு ஞாபகம் வந்தது.

வீடு திரும்பும்போது றுக்கியா ஏசவில்லை. அதுதான் அபூதாஹிருக்குப் பயமாக இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும் சொன்னாள். "நாளைக்குக் காலையில ஹாஜியார்ர வீட்ட போறம். நீங்களும் வாங்க. விழா வச்சு அவருக்குத் தூக்கிக் குடுத்தது நீங்கதானே."

ஹாஜியார் கொழும்புக்குப் போயிருந்தார். மனைவி பஸ்மியா கதவைத் திறந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "உள்ள வாங்க ராத்தா" என்று கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், சுவரகலத்துக்கு நின்ற அலுமாரியைத் திறந்தாள்.

மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுவரை முதற்பிரதிகள். சிவப்புக் கடதாசி, நீலக் கடதாசி, வெள்ளிக் கடதாசி, ரோஜாப்பூ ஒட்டியது, நாடா கட்டியது. ஒன்றும் பிரிக்கப்படவில்லை. இருபது வருடத்துக் கிண்ணியா இலக்கியம் பிறந்த நாள் பரிசுபோல் மூடியபடியே கிடந்தது.

"என்ன கலர்?" என்று கேட்டாள் பஸ்மியா.

"பச்சை" என்றாள் அம்ரா.

"பச்சையில கனக்க இருக்கு. நேற்றையதெண்டா முன்னுக்கு நிக்கும்." பஸ்மியா எடுத்துக் கொடுத்தாள். "எனக்கு வாசிக்க ஆசைதான். பிரிக்க விடமாட்டார். பிரிச்சா அழகு கெட்டிருமாம். அவருக்கு வாங்கத்தான் நேரம், வாசிக்க எங்க நேரம்?"

அம்ரா நாடாவை அவிழ்த்தாள். கூடத்துத் தரையிலேயே உட்கார்ந்து, ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். முதல் ஆறு பக்கம் இரும்புச் சட்டமும் எண்ணிக்கையும். ஏழாம் பக்கத்தில் நின்றாள். விரலை வைத்துத் திரும்ப வாசித்தாள்.

கையால் எடுத்த இடத்தில் ஒரு பருவம் விட்டால் மட்டி திரும்ப வருகிறது. இயந்திரம் ஓடிய இடத்தில் அடிச்சேறு குஞ்சோடு போய்விடுகிறது. இரண்டு வருடமாகியும் அங்கே ஒரு குஞ்சு மட்டியையும் காணவில்லை. இயந்திரத்தை உடனே நிறுத்த வேண்டும். கையால் எடுக்கிறவர்களோடு பேசி, குஞ்சு பொரிக்கிற காலத்தில் இரண்டு மாதம் திடலை மூட வேண்டும்.

றுக்கியாதான் முதலில் வாய் திறந்தாள். "ரெண்டு மாசம் சரிதான். கஷ்டம் வந்தா நாங்க சின்னனையும் சேத்து அள்ளுறதுதான். அதைக் கேட்டிருந்தா ஓமெண்டிருப்பமே. ஆரு எங்களோட வந்து பேசினது?"

"கடைசிக்குப் போ" என்றார் அபூதாஹிர்.

அம்ரா கடைசிப் பக்கத்துக்குப் போனாள். மெதுவாகச் சொன்னாள். "'உள்ளூர்ப் படகோட்டி ஒருவருக்கும் நன்றி.'"

"பெயர்?"

"இல்ல, வாப்பா."

அபூதாஹிர் தலையை ஆட்டினார். இரண்டு வருடம் குடை பிடித்த கை. ஹாஜியாருக்கு அனுசரணையாளர் என்று பெயரும் கொம்பனி முகவரியும் அதே பக்கத்தில், ஒரு வரி மேலே இருந்தன. தன்னைக் கேடு செய்கிறவன் என்று ஏழாம் பக்கத்தில் எழுதிய கட்டுரைக்கு அவர் காசும் கொடுத்து, முதற்பிரதியும் வாங்கி, பத்திரமாகப் பூட்டியும் வைத்திருக்கிறார். எழுதினவன் சொல்லமாட்டான். வாங்கினவன் பிரிக்கமாட்டான். தடை போட்டவன் வாசிக்கமாட்டான். விற்கிறவனுக்குக் கண்டல்திடல் உலகத்தின் எந்த மூலையில் கிடக்கிறதென்றும் தெரியாது. இவ்வளவு பேரும் சேர்ந்து கட்டின மதிலுக்குள் றுக்கியாவின் சோறு கிடந்தது.

"இதை நாங்க கொண்டு போகலாமா?" என்று அம்ரா பஸ்மியாவிடம் கேட்டாள்.

பஸ்மியா கொஞ்ச நேரம் ஏழாம் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை நீட்டினாள். "பச்சைக் கடதாசியையும் நாடாவையும் மட்டும் தாங்க. போன வருசத்துக் கலண்டர் ஒண்டு கிடக்கு, அதைச் சுத்தி வைக்கிறன். அவருக்கு வித்தியாசம் தெரியாது."

திங்கள் காலையில் பெண்கள் வழமைபோல் திடலில் இறங்கினார்கள். கச்சான் அனலாக வீசியது. அம்ராவும் முழங்காலளவு சேற்றில் நின்றாள், தாள்களைப் பொலித்தீன் பைக்குள் போட்டு மார்போடு பிடித்துக்கொண்டு. வரவேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் அபூதாஹிர் தோணியில் வந்து இருந்தார். திடலின் மறுகரையில் ஹாஜியாரின் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

உதவிப் பணிப்பாளர் முனீப் இரண்டு பொலிஸ்காரரோடு கரைமேட்டில் வந்து நின்றார். "தடையெண்டு தெரியாதா? எல்லாரும் ஏறுங்க! ஆய்வு சொல்லியிருக்கு."

"எத்தினையாம் பக்கத்தில, சேர்?" என்று கேட்டாள் றுக்கியா, குந்தியபடியே.

"என்ன?"

"சனிக்கிழமை வரிக்கு வரி படிச்சதெண்டு சொன்னீங்களே. எத்தினையாம் பக்கத்தில இருக்கு?"

முனீப் போனை எடுத்து நீட்டினார். "இந்தா, இஞ்ச இருக்கு. ஒழுங்குபடுத்த வேணுமெண்டு."

"கீழ தள்ளுங்க, சேர்" என்றாள் அம்ரா.

அவர் தள்ளினார். ஒரு பொலிஸ்காரர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். "சேர், கிரெடிட் காட் நம்பர் கேக்குது" என்றார், உதவி செய்கிற குரலில்.

முனீப் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். அவருடைய கண் அம்ராவின் பொலித்தீன் பைக்குப் போனது. "அது என்ன? முழுக்கட்டுரையா? அதை வச்சிருக்க உங்களுக்கு அனுமதி இருக்கா? காசு குடுத்து வாசிக்க வேண்டிய சாமான் அது. களவுப் பிரதியை வச்சு ஒரு அரசாங்க உத்தியோகத்தர் முடிவெடுக்கேலாது."

"வாசிக்காம எடுக்கலாமாக்கும்!" அபூதாஹிர் தோணியிலேயே எழும்பி நின்றுவிட்டார், தோணி ஆடியது. "ஆருடா களவெடுத்தது? என்ர தோணி, என்ர மனிசியின்ர சோறு, இவளுகள்ர சேறு! இதையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் மதில் கட்டி வச்சவன் கனவான். எட்டிப் பாத்தவன் கள்ளன். உனக்கு அந்த மெசின் இரையிறது கேக்கல்லையா?"

"அதுக்கு உரிமம் இருக்கு."

றுக்கியா எழும்பினாள். சேலையிலிருந்து சேற்றுத் தண்ணி வழிந்தது. அவள் கரையைப் பார்த்து ஏறவில்லை. மறுபக்கம் திரும்பி, பேசனை இழுத்துக்கொண்டு நடந்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக எழும்பினார்கள்.

"எங்க போறீங்க?" என்று முனீப் கத்தினார்.

"வாசிச்சுக் காட்ட" என்றாள் றுக்கியா.

கரைமேட்டைச் சுற்றிப் போனால் அரை மணித்தியாலம் ஆகும். சேற்றுக்குள் இறங்கிப் போகலாம். ஆனால் முனீப் புதுச் சப்பாத்துப் போட்டிருந்தார். பொலிஸ்காரர் இருவரும் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இயந்திரத்தை ஓட்டுகிறவர் வெருகல்காரர், பெயர் இராசையா. நாட்கூலிக்காரர். நாற்பது பெண்கள் தண்ணியைப் பிளந்துகொண்டு தன்னை நோக்கி வருவதைக் கண்டதும் அவர் இருக்கையைவிட்டு எழும்பினார். அம்ரா பையிலிருந்து தாள்களை எடுத்து, ஏழாம் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, தமிழில் உரத்து வாசிக்கத் தொடங்கினாள். இயந்திரத்தின் இரைச்சல் அவளுடைய குரலை விழுங்கியது. அவள் இன்னும் உரத்தாள்.

இராசையா காதுக்குப் பின்னால் கையை வைத்தார். "என்ன பிள்ளை? என்ன சொல்லுறியள்? ஒண்டும் கேக்குதில்லை!"

"இதில உன்ர மெசினைப் பற்றி எழுதியிருக்கு, தம்பி!" என்று றுக்கியா கத்தினாள். "கேக்கிறியா?"

"என்ர மெசினைப் பற்றியோ?" இராசையா குழம்பிப்போய் நின்றார். பிறகு குனிந்து, கேட்கிறதுக்காக இயந்திரத்தை நிறுத்தினார்.

குடா முழுவதும் அமைதியாகிவிட்டது. சல்லடையிலிருந்து சேறு சொட்டுகிற சத்தம் கேட்டது.

"முதல்ல இருந்து வாசி, மகள்" என்றாள் றுக்கியா. "ஆறுதலா."